பக்கத்து வண்டி

தன் கையே தனக்கு உதவி என்று நாலு கோடு போட்ட காப்பி நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவன் நான். அந்த வாக்கியத்தின் மீது எனக்கு என்றுமே சந்தேகம் வந்ததில்லை. பிறர் வாசலில் போய் நிற்காமல் வாழ்வதே கௌரவமான வாழ்வு என்பதுதான் என் நாவல்களில் வரும் நல்லவர்களின் கொள்கையுங்கூட. 2024 ஜனவரியில், அமெரிக்கப் பாலைவனம் ஒன்றில், கேவலம் ஒரு பாட்டரி விஷயத்தில், அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது.

என் தங்கையும் அவள் கணவரும் அங்கே வீட்டு வண்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே அடங்கிய பெரிய வண்டி. மகன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வாங்கியது. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை, எங்கிருந்தும் செய்யலாம். ஆகவே குளிர்காலத்தில் அரிஸோனாவில் இருக்கும் குவார்ட்ஸைட் என்ற ஊருக்குப் போய்விடுகிறார்கள். 2020-ஆம் வருஷக் கணக்குப்படி இரண்டாயிரத்து நானூறு பேர்தான் அந்த ஊரின் நிரந்தரக் குடிகள். குளிர்காலம் வந்தால் லட்சக்கணக்கில் வண்டிக்காரர்கள் வந்து குவிகிறார்கள். ஊருக்குத் தெற்கே லா போஸா என்ற அரசாங்க நிலம். செப்டம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் பாதிவரை தங்குவதற்கு, நான் போன சமயத்தில், நூற்றெண்பது டாலர் வாங்கினார்கள். சரளைக் கல்லும் முட்செடியும் வானமும் உண்டு. மின்சாரக் கம்பம் கிடையாது. அவரவர் வெளிச்சத்தை அவரவரே கொண்டுவர வேண்டும்.

மாப்பிள்ளை என்னை வரவேற்று முதலில் காட்டியது கட்டிலுக்கு அடியில் இருந்த நான்கு பெட்டிகளை!

"லித்தியம், மச்சான். நானூறு ஆம்பியர்-அவர். கூரையிலே எண்ணூறு வாட் சூரியத் தகடு. போன கோடையிலே நானே மாட்டினது."

பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன்கூட மருமகனைப் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேசமாட்டான். விஞ்ஞானத்துக்கும் எனக்கும் வெகு தூரம். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது. முன்னே இருந்தவை ஈயப் பாட்டரிகள். நான்கும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் கனம். பெயருக்கு நானூற்றுச் சொச்சம். அதில் பாதியைத்தான் எடுக்கலாம். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினாலோ, முழுக்க நிரப்பாமல் நாட்கணக்கில் போட்டுவைத்தாலோ, ஈயத் தகட்டில் உப்புப் படிந்து அதன் ஆயுள் குறைந்துவிடும். நிரப்புவதும் லேசல்ல. பந்தியில் உட்கார்ந்த கிழவரைப் போல, முதலில் மளமளவென்று வாங்கிக்கொள்ளும். கடைசிக் கால்பங்குக்கு மணிக்கணக்கில் ஒவ்வொரு பருக்கையாகக் கேட்கும். அதற்குள் குளிர்காலத்துச் சூரியன் மலைக்கு அப்பால் போய்விடும். லித்தியமோ வாலிபன். கொடுத்ததையெல்லாம் சாப்பிடுவான். அதனாலேயே எஞ்சினின் ஆல்டர்னேட்டரை நேரே இணைத்தால், இவன் பசிக்கு ஈடுகொடுத்து அது சூடேறிக் கெட்டுப்போகும் என்று, நடுவே அளந்து ஊற்ற ஒரு கருவி வேறு வைத்திருந்தார். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தால் மட்டும் இவனுக்கு ஊட்டக் கூடாதாம். அதற்காகவே வெளிப் பெட்டியிலிருந்து கட்டிலடிக்குக் குடிமாற்றம்.

இந்த வகைப் பாட்டரிக்கு உரிய இரும்புப் பாஸ்பேட்டை 1997-ல் உலகுக்குத் தெரிவித்தவர்களில் மூத்தவர் ஜான் குட்இனஃப். 'போதும்' என்று அர்த்தம் தொனிக்கும் இப்படியொரு பெயரை நான் ஒரு பாத்திரத்துக்கு வைத்திருந்தால் பத்திரிகை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்திருப்பார். 2019-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது வயது தொண்ணூற்றேழு. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரையை நிகழ்த்தியவர், அதற்கு முன்னோடியான ஆராய்ச்சியை அவருடன் செய்த ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டு அமராபுரம் கிராமத்தில் பிறந்து மதுரையில் படித்தவர். நான் இதைச் சொன்னதும் மாப்பிள்ளை அந்தப் பெட்டியை இன்னொரு முறை தடவிக் கொடுத்தார்.

பக்கத்து வண்டியில் ஓர் அமெரிக்கத் தம்பதி இருந்தார்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல். கிழவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. இரவெல்லாம் காற்றை ஊதும் இயந்திரத்தை முகத்தில் கட்டிக்கொண்டுதான் உறங்க வேண்டும். அவர்களுடையது இன்னும் ஈயப் பாட்டரிதான். முந்தின குளிர்காலத்தில் இரு வீட்டாரும் ஒரு நிலையில் இருந்தார்கள். சாயங்காலம் எந்த ஜெனரேட்டரைப் போடுவது என்று பேசிவைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் இவர்களுடையது, மறுநாள் அவர்களுடையது. ஒரு வயர் இங்கிருந்து அங்கே போகும், அல்லது அங்கிருந்து இங்கே வரும். அந்த இரைச்சலுக்கு நடுவே நாற்காலி போட்டுக் கத்திப் பேசிக்கொண்டிருந்ததாகத் தங்கை சொன்னாள். லித்தியம் வந்தது, ஜெனரேட்டர் நின்றது. நாற்காலிகளும் உள்ளே போய்விட்டன. இதில் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை.

நான் போன ஐந்தாம் நாள் மேகம் கவிந்தது. மூன்று நாள் வெயில் இல்லை. மாப்பிள்ளை வேளைக்கு ஒரு முறை கைப்பேசியைப் பார்த்து, "எண்பத்திரண்டு சதவீதம்", "அறுபத்தெட்டு சதவீதம்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். துல்லியமான கணக்கு கையில் இருப்பவனுக்குக் கஞ்சத்தனம் சீக்கிரம் வந்துவிடுகிறது. நானே இரண்டாவது காப்பி கேட்க யோசித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் போன தங்கை முகம் வெளுத்துத் திரும்பினாள். பக்கத்து வண்டிக் கிழவி இரண்டு இரவுகளாகத் தூங்கவில்லை. ஜெனரேட்டரின் கார்புரேட்டரில் கசடு அடைத்துக்கொண்டு அது கிளம்பவில்லை, பாட்டரி நடு இரவில் படுத்துவிட்டது, இயந்திரமும் நின்றுவிட்டது. கணவருக்கு மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைத் தொட்டுப் புரட்டிவிடுவதற்காக அவள் உட்கார்ந்தே விழித்திருக்கிறாள். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே பதினைந்து அடி தூரம்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். 'உங்கள் வண்டியில் சத்தமே இல்லை, தூங்குகிறீர்களோ என்று எழுப்பவில்லை' என்கிறாள் அண்ணா!"

மாப்பிள்ளை நல்லவர். உடனே போய், வயர் இழுத்துத் தருகிறேன் என்றார். கிழவர் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். இன்றைக்குள் கார்புரேட்டரைச் சுத்தம் செய்துவிடுவாராம். அவரும் நாலு கோட்டு நோட்டில் எழுதிப் பழகியவர்தான் போலிருக்கிறது.

எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டில் மட்டும் டெலிபோன் இருந்த காலம். எங்களுக்கு அழைப்பு வந்தால் அந்த வீட்டு மாமி சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிடுவாள். நாங்கள் ஓடுவோம். பேசி முடித்த பிறகும் அம்மா அரை மணி நேரம் அங்கேயே நிற்பாள். எங்களுக்குச் சொந்தமாக டெலிபோன் வந்த அன்று, இனி யாருக்கும் தொந்தரவில்லை என்று அப்பா பெருமூச்சு விட்டார். மாமி ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய செய்தி, அடுத்த வருஷம், பால்காரன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இதைச் சொல்லிவிட்டு, "பற்றாக்குறைதான் மனிதர்களைச் சேர்த்து வைக்கிறது" என்று நான் கொஞ்சம் நீட்டி முழக்கினேன். தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது.

"போன வருஷம் பாட்டரி செத்து, ஹீட்டர் விசிறி நின்று, ராத்திரி முழுக்க நடுங்கினது நான். காஸ் இருந்தும் சூடு இல்லை. அதிலே என்ன சிநேகம்? நீ ஊருக்குப் போய்க் கதை எழுது."

அவள் சொன்னது நியாயம். இல்லாமைக்கு நான் பூச்சூட்டப் பார்த்தேன். கம்பளிக்குள் இருப்பவனுக்குத்தான் அது சுலபம். இல்லாமை யாரையும் நல்லவராக்கிவிடுவதில்லை. கதவைத் தட்ட ஒரு சாக்கு மட்டும் கொடுக்கிறது. நிறைவு வந்தால் அந்தச் சாக்கு போய்விடுகிறது. அப்புறம் தட்ட வேண்டியவர் யார்? கேட்க வேண்டியது இல்லாதவரா, விசாரிக்க வேண்டியது இருப்பவரா?

மாப்பிள்ளை இதை ஒப்பவில்லை. "கேட்காதவங்க வீட்டுக்குள்ளே கொடுக்கிறேன்னு போய் நிற்கிறதும் ஒரு அகங்காரம்தானே மச்சான்? இங்கே அதை மரியாதைக் குறைவா நினைப்பாங்க" என்றார். அதுவும் உண்மைதான். கொடுப்பவன் கைமேலே, வாங்குபவன் கை கீழே. கீழே கை நீட்ட மனமில்லாத ஒரு கிழவரை நான் குற்றம் சொல்லத் தயாரில்லை. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. கேட்கிறவன் கேட்குமுன் தன்னையே ஒரு படி இறக்கிக்கொள்ள வேண்டும். விசாரிக்கிறவனுக்குச் செலவு பதினைந்து அடி நடை. இரண்டும் சமமான கஷ்டம் என்று நான் நம்பமாட்டேன்.

மாப்பிள்ளை இதற்குள் வேறு கணக்குப் போட்டிருந்தார். ஈரப்பதக் கருவியை அணைத்துவிட்டால் அந்த இயந்திரம் முப்பது வாட்தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு, இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து, நாற்பது ஆம்பியர்-அவர். நம்மிடம் இருக்கும் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. அறுபத்தெட்டு, ஐம்பத்தெட்டு ஆகும். மேகம் இன்னும் இரண்டு நாள் நின்றால் அவருடைய வேலைக்கு இடைஞ்சல்தான். சிறிது நேரம் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

மத்தியானம் தங்கை ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே?" என்றேன்.

"அந்த அம்மாவிடம் சர்க்கரை கேட்கப் போகிறேன்."

"நேற்றுத்தானே இரண்டு கிலோ வாங்கினோம்?"

பதில் சொல்லாமல் போனாள். முக்கால் மணி கழித்துத் திரும்பினாள். கிண்ணம் நிறையச் சர்க்கரை. மேலே ஒரு துண்டு கேக்கும் இருந்தது. இது பொய்தானே என்று நான் மெதுவாகக் கேட்டேன். "பொய்தான்" என்றாள், அடுப்பைப் பற்றவைத்தாள்.

இருட்டும் நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. தோளில் ஆரஞ்சு நிற வயர்ச் சுருளைப் போட்டுக்கொண்டு கிழவர் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே ஓர் இரவுக்கு மட்டும், எந்தத் துவாரத்தில் செருகட்டும் என்று கேட்டார். மாப்பிள்ளை டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே குதித்தார். மேடை மேல் இருந்த எங்கள் சர்க்கரை டப்பாவைத் தங்கை அவசரமாக அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.