கறுப்புப் பட்டையும் சங்கப் பலகையும்

மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் ஒரு பலகை இருந்ததென்றும், தகுதியுடைய புலவர் வந்தால் அது இடம் விரித்துக் கொடுத்ததென்றும், தகுதியிலார்க்கு இடம் மறுத்ததென்றும் நம் முன்னோர் கதை சொல்லி வந்தனர். அக்கதையை நாம் வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஓர் ஏக்கமாகக் கொண்டால் போதும். தகுதியை அளக்கும் கருவி கட்சி சேராமல், காசு கேளாமல், விருப்பு வெறுப்புக்கு ஆட்படாமல் இருத்தல் வேண்டும் என்னும் நெடுநாள் ஏக்கமே பலகையாக உருக்கொண்டது. மனிதரை நம்ப இயலாமையால்தான் மரத்தை நம்பினர் போலும்!

இலக்கிய மலர் ஒன்றில் கராத்தேயைப் பற்றி எழுதப் புகுவதற்கு இப்பலகையே நமக்குத் துணை. பெங்களூரில் மாலை வேளைகளில் பூங்காக்களிலும் பள்ளி முற்றங்களிலும் வெள்ளுடை அணிந்த சிறுவர் சிறுமியர் வரிசையாக நின்று பயில்வதை யாரும் காணலாம். ஒவ்வொருவர் இடையிலும் ஒரு பட்டை. வெள்ளை, மஞ்சள், பச்சை, பழுப்பு, இறுதியில் கறுப்பு. நாம் அறிந்த குடும்பம் ஒன்று அல்சூரிலிருந்து நகரின் மறுகோடிக்குக் குடிபெயர்ந்தது. அவ்வீட்டுப் பெண் ஏழாண்டு பயின்று கறுப்புப் பட்டை பெற்றவள். புதிய இடத்துப் பயிற்சிக்கூடத்தில், “உங்கள் சங்கத்தை எங்கள் சங்கம் ஏற்பதில்லை, வெள்ளைப் பட்டையிலிருந்து தொடங்க வேண்டும், ஒவ்வொரு தேர்வுக்கும் கட்டணம் உண்டு” என்றனர். வீடு திரும்பியதும், “அப்பா, அப்படியென்றால் நான் இதுவரை கற்றது பொய்யா?” என்று அவள் கேட்டாளாம். தந்தை அவ்வினாவை நம்மிடம் கொண்டு வந்தார். உடனே விடை கூற நமக்கும் இயலவில்லை.

முதற்கண், இந்தப் படிக்கட்டு எவ்வளவு பழமையானது என்று பார்ப்போம். ஒக்கினாவாத் தீவில் இக்கலை வளர்ந்த காலத்தில் பட்டையும் இல்லை, சான்றிதழும் இல்லை. நம் சிலம்ப ஆசான்களைப் போலவே அங்கும் ஆசிரியரின் வாய்ச்சொல்லே சான்று. ‘டான்’ என்னும் படிநிலை, ‘கோ’ என்னும் பலகை விளையாட்டில் வழங்கி வந்தது. அதனை 1883-இல் ஜூடோவுக்குக் கொண்டு வந்தவர் அக்கலையை நிறுவிய ஜிகோரோ கானோ. ஒக்கினாவாவிலிருந்து தோக்கியோ சென்று 1922-இல் கராத்தேயை அரங்கேற்றிய கிச்சின் ஃபுனகோஷி, கானோவின் முறையைப் பின்பற்றி 1924-இல் தம் மாணவர் சிலர்க்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டை வழங்கினார்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. முதற் பட்டையை அளித்தவர்க்குப் பட்டை அளித்தவர் யார்? ஒருவருமில்லை. அதற்கு முன் கராத்தேயில் அப்படிநிலையே இல்லாதபோது அளிப்பவர் எங்ஙனம் இருத்தல் கூடும்? அங்கீகாரச் சங்கிலி எவ்வளவு நீண்டதாயினும், அதன் முதற் கண்ணி எவராலும் அங்கீகரிக்கப்படாத ஒரு மனிதரின் ஆற்றலிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. சான்றிதழ்களை அடுக்கிச் செருக்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

சங்கிலி பின்னர் என்ன ஆயிற்று? 1957-இல் ஃபுனகோஷி மறைந்தபோது, அவருடைய இறுதிச் சடங்கை நடத்துவது யார் என்பதிலேயே அவர்தம் மாணவர் பிளவுபட்டனர். அவருக்குப் பின் ஜப்பான் கராத்தே சங்கத்தை வழிநடத்திய மசதோஷி நக்கயாமா 1987-இல் மறைந்தபின், அச்சங்கமும் இரண்டாகி, வழக்கு 1999 வரை நீதிமன்றத்தில் நடந்தது. கியோக்குஷின் பிரிவை நிறுவிய மசுதாத்சு ஓயாமா 1994-இல் மறைந்ததும் அப்பிரிவு பல கூறாயிற்று. ஆசான் கண்மூடிய பின், அவருடைய முத்திரை யார் கையில் என்பதே போராட்டம். கையை வெறுங்கையாக வைத்துக்கொள் என்று பெயரிலேயே போதிக்கும் கலையில் முத்திரையை மட்டும் ஒருவரும் விடுவதாயில்லை!

நம் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. இந்தியக் கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தை 2020-இல் உலகக் கராத்தே சம்மேளனம் விலக்கிக்கொண்டது. பின்னர் வேறோர் அமைப்பு அவ்விடத்திற்கு வந்தது. கராத்தே முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற தோக்கியோப் போட்டி 2021-இல் நடந்தது. அதில் கராத்தே ஆட இந்தியர் ஒருவரும் செல்லவில்லை. அமைப்புப் பூசலே அதற்குக் காரணம் என்று நாம் கூற வரவில்லை. தகுதிப் போட்டிகள் கடுமையானவை. ஆயினும் வீரர்க்கு நிழலாய் நிற்க வேண்டிய மரம் தன் வேரையே தேடிக்கொண்டிருந்த காலம் அது என்பதை மறுக்கவியலாது.

இப்பூசலை வெறும் பதவி ஆசை என்று ஒதுக்குதல் எளிது. முத்திரை வைத்திருப்பவரிடமே தேர்வுக் கட்டணம் சேர்கிறது. அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சேர்கிறது. அயல்நாட்டுப் பயணமும் மேடையும் மாலையும் சேர்கின்றன. இத்தனையும் ஒரு முத்திரையோடு ஒட்டிவரும்போது, நல்லவரும் அதனைக் கைவிடத் தயங்குவர்.

அங்ஙனமாயின் பட்டைகளையெல்லாம் எரித்துவிடலாமே என்பார் உளர். பட்டை கால்சட்டை நழுவாமல் இருப்பதற்கே என்று நகைப்பாரும் உளர். நாம் இதற்கு உடன்படோம். தம் குழந்தையை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கும் பெற்றோர்க்கு அக்கலை தெரியாது. கழுத்திலும் முழங்காலிலும் அடிபடக்கூடிய பயிற்சியை அறியாதவன் கற்பித்தால் கேடு குழந்தைக்கே. கலை அறியாதார்க்கு அறிந்தார் அளிக்கும் உறுதிமொழியே சான்றிதழ். அது இல்லையேல் உரத்த குரலுடையவனே ஆசானாகிவிடுவான்.

நாமும் இக்குற்றத்திற்கு முற்றும் விலக்கானவர் அல்லேம். காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனர்க்குப் போர்க்கலை கற்பித்தார், ஆகவே கராத்தே நமதே என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவரைப் பாரசீகர் என்று குறிக்கும் பழஞ்சீனக் குறிப்பும் உண்டு. தென்னிந்தியர் என்று குறிப்பதும் உண்டு. அவரைப் போர்ப்பயிற்சியோடு இணைக்கும் நூலோ பதினேழாம் நூற்றாண்டினது. பயிலாத கலைக்குப் பிறப்பால் பட்டை கேட்பது மட்டும் எவ்வகையில் நேர்மையாகும்?

ஆற்றல், சான்று, அங்கீகாரம் என்னும் மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதே தவற்றின் மூலம் என நாம் கருதுகிறோம். ஆற்றல் பயின்றவர் உடலிலும் உள்ளத்திலும் உள்ளது. சான்று, அதனைக் கண்ணாரக் கண்ட ஒருவரின் சாட்சி. அங்கீகாரம், ஒரு சபையின் சாட்சியை மற்றொரு சபை ஏற்கும் உடன்பாடு. உடன்பாடு முறிந்தால் சாட்சி பொய்யாகாது. சாட்சி இறந்தாலும் ஆற்றல் அழியாது. 2019-இல் இந்திய வில்வித்தைச் சங்கம் இரு அணிகளாய்ப் பிளந்து உலக அமைப்பால் இடைநீக்கம் செய்யப்பட்டபோது, நம் வில்லாளர் பாங்காக்கில் நாட்டுக்கொடியின்றிப் பொதுக்கொடியின் கீழ் நின்று எய்தனர். அங்கே தீபிகா குமாரி ஒலிம்பிக் இடத்தை வென்றார். கொடிதான் இல்லை, அம்பு இலக்கைத் தவறவிடவில்லை. மறுபுறம், சாட்சியே விலைக்கு விற்கப்பட்டதாயின், உலக முத்திரை அதன்மேல் விழுந்தாலும் அத்தாள் வெறுந்தாளே.

ஆகவே அச்சிறுமிக்கு நாம் கூறும் விடை: நீ கற்றது பொய்யன்று. ஆனால் புதிய கூடத்தார்க்கும் ஓர் உரிமை உண்டு. ஷோட்டோக்கான், கோஜு, ஷிட்டோ, வாடோ என மரபுகள் பல. நிலையும் அசைவும் வேறுபடும். எங்கள் மரபைப் புதிதாகக் கற்றுக்கொள் என்பது முறையே. ஆயினும், ‘செய்து காட்டு’ என்று கேளாமல் ‘எந்தச் சங்கம்’ என்று மட்டும் கேட்பது முறையன்று. ஒரு குழந்தையின் ஏழாண்டு உழைப்பைப் பார்க்காமலேயே பொய்யென்று தள்ளுவது அறமன்று. அப்படித் தள்ளிவிட்டு அதன்மேற் கட்டணமும் வாங்குவது வாணிகத்திலும் சேராது.

அங்கீகாரம் என்பது யாதென விளக்கப் பெங்களூர்த் தமிழர்க்குத் தொலைவில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டுவதில்லை. அல்சூர் ஏரிக்கருகே 1991-இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, திறக்கப்படாமல் பதினெட்டாண்டுகள் மூடிக்கிடந்தது. அத்தனை ஆண்டுகளும் வள்ளுவர் பெருமையில் ஓர் அணுவும் குறையவில்லை. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திரை விலகியபோது ஓர் அணுவும் கூடவில்லை. ஆயினும் அந்நாளில் பலர் கண்கள் கலங்கியது ஏன்? நான்கு நாட்களில் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. அங்கீகாரத்தால் வளர்ந்தவர் வள்ளுவரும் அல்லர், சர்வக்ஞரும் அல்லர். ஒருவர் பெரியோரை மற்றவர் வணங்கக் கற்ற இரு மொழியினரே வளர்ந்தனர். பிறர் தகுதியைக் கண்டு ஏற்கும்போது, ஏற்பவரின் தகுதியே வெளிப்படுகின்றது. மறுக்கும்போதும் அவ்வாறே.

அச்சிறுமி இறுதியில் வெள்ளைப் பட்டையையே கட்டிக்கொண்டு அக்கூடத்தில் சேர்ந்தாள். சில வாரங்கள் கழித்துத் தந்தையைக் கண்டபோது நலம் வினவினோம். இடைவேளையில் சிறுவர்கள் அவளிடம் வந்து, “அக்கா, கால் இப்படி வைக்கலாமா?” என்று கேட்கிறார்களாம், ஆசிரியர் பார்த்தும் தடுப்பதில்லையாம். பட்டை இன்னும் வெள்ளைதான். ஆயினும் பலகை ஓர் ஓரத்தில் விரியத் தொடங்கிவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது. அதனை முதலில் கண்டுகொண்டவர் குழந்தைகள். பெரியோர்க்குச் சற்றுக் காலம் பிடிக்கும்.