ஆபத்தில் அறம்

உயிருக்கே ஆபத்து நேரும்போது அறநெறிகள் நம்மைக் கட்டுப்படுத்துமா? உயிரைக் காத்துக்கொள்ள எதையும் செய்யலாமா? கரையில் அமர்ந்து இதற்கு விடை கூறுவது எளிது. நடுக்கடலில் தத்தளிப்பவனுக்குத்தான் இக்கேள்வியின் கனம் தெரியும்.

திமிங்கில வேட்டை பெருந்தொழிலாக விளங்கிய காலம். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த 'எசெக்ஸ்' என்ற கப்பலை, 1820 நவம்பர் 20 அன்று பசிபிக் பெருங்கடலில் ஒரு திமிங்கிலம் மோதி உடைத்தது. இருபது பேர் மூன்று சிறு படகுகளில் உயிர் தப்பினர். மேற்கே சில தீவுகள் இருந்தன. ஆனால் அங்கு மனிதரைத் தின்போர் வாழ்வதாக அஞ்சிய அவர்கள், அவற்றைவிட வெகுதொலைவிலிருந்த தென் அமெரிக்கக் கரையை அடைய முயன்றனர். உணவு தீர்ந்தது. இறந்த தோழர்களின் உடல்களையே உண்டனர். பின்னர் கேப்டன் பொல்லார்டின் படகில் சீட்டுக் குலுக்கி, அவருடைய உறவினனான இளைஞன் ஒருவனைக் கொன்றனர். முடிவில் பிழைத்தவர்கள் எண்மர் மட்டுமே.

எதற்கு அஞ்சி ஓடினார்களோ, அதையே அவர்கள் செய்ய நேர்ந்தது! மூன்று வேளையும் உண்ணும் நாம் அவர்கள்மீது தீர்ப்புக் கூறத் தகுதியற்றவர்கள். எனினும் அவர்களிடமிருந்து கற்கக் கடமைப்பட்டவர்கள்.

ஆபத்துக் காலத்தில் விதிகள் தளரலாம் என்பதை நம் சாஸ்திரங்களும் ஏற்கின்றன. அதற்கு 'ஆபத்தர்மம்' என்று பெயர். ஆனால் எதுவரை தளரலாம்? சாந்தோக்கிய உபநிஷதம் இதை அழகாகக் காட்டுகிறது. குரு நாட்டில் பயிர்கள் அழிந்தபோது, பசியால் வாடிய உஷஸ்தி என்ற அறிஞர், ஒருவன் உண்டுகொண்டிருந்த எச்சில் தானியத்தை இரந்து பெற்று உண்டார். அவன் தண்ணீரும் தந்தான். அது எச்சில் என்று உஷஸ்தி மறுத்துவிட்டார். 'தானியமும் எச்சில்தானே?' என்று அவன் வினவினான். 'அதை உண்ணாவிடில் உயிர் தரித்திருக்காது. தண்ணீரோ எனக்கு வேறிடத்தில் கிடைக்கும்' என்பது அவரது விடை. மீதியை அவர் மனைவிக்குக் கொண்டுசென்றார்.

இங்கே இரண்டு எல்லைகள் தெரிகின்றன. தேவைக்கு மேல் ஓர் அடியும் அவர் செல்லவில்லை. மேலும், அவர் தளர்த்தியது தம்மைக் கட்டுப்படுத்திய ஆசாரத்தை மட்டுமே. பிறர் உயிரின்மீது அவர் உரிமை கொண்டாடவில்லை. சீட்டுக் குலுக்க எசெக்ஸ் மாலுமிகள் இசைந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் மரணப் பசியில் பெறப்படும் இசைவு, இசைவாகுமா?

ஆபத்து நம்மிடம் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பதை வெளிப்படுத்துகிறது. அறியாத மனிதரைப் பகைவராகக் கருதிய அச்சமே எசெக்ஸ் படகுகளின் திசையைத் தீர்மானித்தது.

இதற்கு நேர்மாறான காட்சியை 2018 ஆகஸ்டில் கேரளம் கண்டது. இடுக்கியில் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. பாலக்காடு மாவட்டத்தில் நெம்மாறை அருகே மண் சரிந்து உயிர்கள் பலியாயின. ஆலுவா, செங்ஙன்னூர் முதலிய ஊர்கள் நீரில் மூழ்கின. அப்போது கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு விரைந்து வந்தனர். அவர்களுள் பூந்துறை, விழிஞ்ஞம் பகுதியினரும் இருந்தனர். 2017இல் ஒக்கி புயல் எத்தனையோ உறவுகளைக் கடலில் பறித்துக்கொண்ட கரைகள் அவை! துன்பம் அவர்களைச் சுருக்கவில்லை. பிறர் துயரை அறியும் கண்களைத் தந்தது. படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, 'உயிரைக் காத்ததற்குக் கூலி வேண்டாம்' என மறுத்தவர்களும் உண்டு.

கடலிலே உயிர்நீத்ததால் 'கடலுள் மாய்ந்த' என்ற அடைமொழி பெற்ற இளம்பெருவழுதி, பிறரை மறந்து தனித்து உண்ணாத மனிதர்களால்தான் உலகம் நிலைத்திருக்கிறது என்று புறநானூற்றில் பாடினார். ஜீவனைச் சிவனாகக் கண்டு தொண்டாற்று என்றார் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர். இந்தப் பார்வை ஆபத்து வரும் நாளில் திடீரென வாய்க்காது. அன்றாடம் ஒரு கவளத்தையேனும் பகிர்ந்து பழகியவருக்கே அன்று அது துணை நிற்கும்.