உள்நோக்கித் திரும்பிய முள்

என் வலது முன்கையில் அந்தப் பட்டையை மாட்டி ஒரு சுண்டு சுண்டிக் காட்டினார் பயிற்சியாளர். எஃகுக் கண்ணிகளைக் கோத்துச் செய்தது. ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் முனை மழுங்கிய இரண்டு பற்கள் உட்பக்கமாக நீண்டிருந்தன. சுண்டியதும் கையைச் சுற்றி எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் அழுந்தின. "வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பெரிதாக வலிக்கவில்லை என்பதும் உண்மைதான். பூன் லேயில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே, இரண்டு நிமிடத்தில் சம்மதித்துவிட்டேன். காலடியில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது செவலை.

அந்தக் கணத்தைப் பிறகு பல இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் சுண்டப்போகிறார் என்று எனக்குத் தெரியும். எதற்காகச் சுண்டுகிறார் என்று தெரியும். போதும் என்று ஒரு சொல் சொன்னால் நிறுத்திவிடுவார் என்பதும் தெரியும். இந்த மூன்றும் தெரியாத ஓர் உயிரின் கழுத்தில் அதே பற்கள் என்ன செய்யும் என்பதை என் கை எப்படிச் சொல்லும்?

செவலை ஜூரோங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் வேலியோரம் பிறந்த நாய். அங்கே வேலை பார்த்த நம் ஊர்த் தம்பிகள் தங்கள் சோற்றுப் பொட்டலத்தில் ஒரு கை எடுத்து வைத்து வளர்த்தார்கள். ஆட்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டதும் மீட்பு அமைப்பு ஒன்றின் வழியாக எங்களிடம் வந்தது. இப்படிப்பட்ட கலப்பின நாய்களை இங்கே 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்பார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய நாயினங்களில் ஒன்றாக இருக்கவேண்டும். தெருவில் பிறந்தவற்றுக்கு ஒரு கதவு திறந்தது 2012இல், 'புராஜெக்ட் அடோர்' என்ற திட்டத்தால். முதலில் 15 கிலோ எடை, 50 சென்டிமீட்டர் உயரம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். 2020 மார்ச்சில் எடை வரம்பை எடுத்துவிட்டு உயரத்தை 55 ஆக்கினார்கள். செவலையின் உயரம் 53. அந்த ஐந்து சென்டிமீட்டர் தளர்வில்தான் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. நிறத்தைப் பார்த்து அப்பா வைத்த பெயர் அது. ஊரில் அவர் ஓட்டிய வண்டிமாட்டின் பெயரும் அதுதான்.

வந்த நாளிலிருந்து இழுத்தது. மின்தூக்கி திறந்தால் இழுத்தது. குப்பை வண்டி வந்தால் எதிர்த்திசையில் இழுத்தது. பூன் லே பிளேஸ் சந்தைக்குப் போகும் நடைபாதையில், முன்கால்கள் தரையைக் கீற, தொண்டையிலிருந்து கரகரவென்று ஓசை வர, ஏதோ நெடுந்தொலைவுக்குப் போகவேண்டியிருப்பதுபோல் இழுத்தது. நான் அதை அடங்காமை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது வேறு மாதிரி புரிகிறது. நாயின் இயல்பான ஓட்டநடை நம் நடையைவிட வேகம். ஒருவர் வேகத்துக்கு ஒருவர் பொருந்தாத இரண்டு உயிர்களை ஒன்றரை மீட்டர் வாரில் கட்டிவிட்டால் வார் இறுகத்தான் செய்யும். கழுத்தில் ஒரு பக்கம் அழுத்தம் வந்தால் உடம்பு அதை எதிர்த்துத் தள்ளும். நாம் இழுக்க இழுக்க நாயும் இழுக்கும். இழுத்தபடியே அந்தத் தூணருகே போய் மோந்துவிட்டால், இழுத்தால் போகலாம் என்று கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தை நாள்தோறும் இருமுறை நடத்திக்கொண்டிருந்தவன் நான்தான். போதாததற்கு, வேலியோரம் விருப்பப்படி திரிந்த நாய்க்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் வெளியுலகம் என்று கிடைப்பது அந்த நாற்பது நிமிடம். அதிலும் பாதி பயம்.

என் பக்கத்திலும் பயம் இருந்தது. வீவக தாழ்வாரத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு அது தெரியும். மின்தூக்கியில் கூட வருபவர் ஒதுங்கி நிற்கும்போது, எதிர்வீட்டுக் கைக்குழந்தை அழும்போது, புகார் போய்விடுமோ, நாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற கலக்கம். கீழ்ப்படிதல் பயிற்சி அடோர் திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று. அந்த நிபந்தனை நியாயமானதுதான். ஆனால் பயந்தவனுக்குப் பொறுமை இருக்காது. விரைவில் விளைவு தருவதாகச் சொல்பவரைத் தேடிப் போவான். நானும் அப்படித்தான் போனேன்.

முள்பட்டை வேலை செய்தது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. முதல் நாளே இழுப்பு நின்றது. இரண்டாவது வாரம் செவலை என் இடது முழங்காலை ஒட்டி நடந்தது. சந்தையில் தெரிந்தவர்கள் பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அது எதையும் மோந்து பார்ப்பதில்லை, வால் தாழ்ந்திருக்கிறது, உதட்டை நக்கிக்கொண்டே நடக்கிறது என்பதையெல்லாம் அமைதி என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வாரம், மின்தூக்கி வாசலில், மேல்மாடிச் சிறுமி வழக்கம்போல் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அதுவரை அவளைக் கண்டால் உடம்பையே ஆட்டும் நாய், பல்லைக் காட்டி உறுமியது. அவள் அப்படியே உறைந்து நின்றாள். அன்று இரவு என்னால் தூங்க முடியவில்லை. முந்திய வாரங்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தேன். அவளைப் பார்க்கும் போதெல்லாம் செவலை மகிழ்ச்சியில் முன்னே பாயும். பாயும் போதெல்லாம் பற்கள் இறுகும். பாய்வது தவறு என்று அது கற்றுக்கொள்ளும் என்று நான் எண்ணியிருந்தேன். அது கற்றுக்கொண்டது வேறு: இந்தக் குழந்தை வந்தால் கழுத்து வலிக்கும்.

வலிக்கு முகவரி கிடையாது. எதைச் செய்தபோது வலித்தது என்று நாய் கணக்கு வைக்கலாம். எதைப் பார்த்தபோது வலித்தது என்றும் வைக்கலாம். இரண்டில் எது அதன் மனதில் பதியும் என்பதை வாரைப் பிடித்திருப்பவர் தீர்மானிக்க முடியாது. பயிற்சியாளர்களில் கைதேர்ந்தவர்கள் நேரத்தைத் துல்லியமாகக் கணித்துச் சுண்டுவார்கள் என்று சொல்வதுண்டு. இருக்கலாம். அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் வாருமாக இறங்கும் என்னைப் போன்றவர்கள் கையில்தான் அந்தப் பட்டை பெரும்பாலும் இருக்கிறது.

முள்பட்டை பழைய பொருள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் வார்ரோ வேளாண்மை பற்றி எழுதிய நூலில், மந்தை காக்கும் நாய்களுக்கு ஆணிகள் பதித்த தோல்பட்டை கட்டும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். ஆணிகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், ஓநாய் கழுத்தைக் கவ்வாமல் இருக்க. ஆணியின் தலைகள் உட்பக்கம் உறுத்தி நாயின் கழுத்தைப் புண்ணாக்காதபடி அவற்றின்மேல் மெல்லிய தோலை வைத்துத் தைப்பார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். இமயமலை இடையர்கள் சிறுத்தைக்கு அஞ்சித் தங்கள் நாய்களுக்கு இரும்புப் பட்டை கட்டியதும் அதே காரணத்தால்தான். அந்த முள் உள்நோக்கித் திரும்பிய கதையை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. காவலுக்கு இருந்தது கட்டுப்பாட்டுக்கு வந்தது. ஜெர்மானியக் காவல்துறை நாய்ப் பயிற்சியாளர் கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய நூலும், அமெரிக்கப் படைநாய்களைப் பழக்கிய வில்லியம் கோலர் 1962இல் வெளியிட்ட நூலும் சுண்டித் திருத்தும் முறையைப் பரப்பின. காவல், படை நாய்களுக்கு உருவான முறை வீட்டு நாய்களுக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஜெர்மனியிலேயே இன்று நாய்ப் பயிற்சியில் முள்பட்டைக்கு இடமில்லை. 2022 ஜனவரி 1 முதல் தடை. மின்னதிர்ச்சிப் பட்டையை வேல்ஸ் 2010இலேயே தடைசெய்தது. ஆஸ்திரேலியாவுக்குள் முள்பட்டையை அனுமதியின்றி இறக்குமதி செய்ய முடியாது. இங்கே, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை வழிகாட்டுதல் தருகிறது. முதல் முறை விலங்கை வதைத்தால் 15,000 வெள்ளி வரை அபராதமும் 18 மாதம் வரை சிறையும் உண்டு. ஆனால் நான் செய்ததை யாரும் வதை என்று சொல்லவில்லை. பாராட்டினார்கள்.

போர்ச்சுகலில் போர்த்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 92 வீட்டு நாய்களை வைத்து 2020இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். தண்டித்துப் பழக்கும் பள்ளிகளில் சேர்ந்த நாய்களின் உமிழ்நீரில், பயிற்சி முடிந்ததும், மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் கூடியிருந்தது. இன்னொரு சோதனை என்னை உலுக்கியது. அறையின் ஒரு பக்கம் வைத்தால் கிண்ணத்தில் தீனி இருக்கும், மறுபக்கம் வைத்தால் இருக்காது என்று நாய்க்குப் பழக்குகிறார்கள். பிறகு கிண்ணத்தை நடுவில் வைக்கிறார்கள். பரிசு தந்து மட்டுமே பழக்கப்பட்ட நாய்கள், இருக்கும் என்று நம்பி விரைந்து போயின. கடுமையாகத் தண்டிக்கப்பட்டவை தயங்கித் தயங்கிப் போயின. ஒரு பட்டை கழுத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்! வெறும் கிண்ணத்தைப் பற்றிய நம்பிக்கை வரைக்கும் போகிறது.

சாதாரணப் பட்டைக்கு மாறினால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு, இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் செயற்கைக் கழுத்தில் பலவகைப் பட்டைகளை மாட்டி இழுத்து அளந்தார்கள். மெத்தை வைத்த பட்டைகூட, இழுத்தால், தீங்கு செய்யக்கூடிய அழுத்தம் தந்தது. மூச்சுக்குழலும் தைராய்டு சுரப்பியும் பெரிய இரத்த நாளங்களும் போகும் இடம் கழுத்து. இழுப்பை நிறுத்தத்தான் வேண்டும். எப்படி நிறுத்துவது என்பதில்தான் வழக்கு.

மறுதரப்பை நான் அலட்சியம் செய்யவில்லை. 'கருணைக்கொலை ஊசியைவிட இது மேல்' என்றார் என் பயிற்சியாளர். யாராலும் ஏற்றுக்கொள்ளப்படாத பெரிய நாயை வைத்துக்கொண்டு தவிக்கும் மீட்பாளர்கள் உண்டு. நாய் இழுத்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட ஒரு மூதாட்டியை எனக்கே தெரியும். அவர்களிடம் போய்த் தத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் செவலைக்கு ஊசியா முள்ளா என்ற கட்டாயம் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தது என் அவசரம் ஒன்றுதான். எவ்வளவோ வீடுகளில் கதை இதுதான் என்று நினைக்கிறேன். கடைசி வழி என்று சொல்லி விற்கப்படுவதை முதல் மாதத்திலேயே வாங்கிவிடுகிறோம்.

அப்பா அதுவரை எதுவும் சொல்லவில்லை. உறுமல் நடந்த மறுநாள் காலை, மேசைமேல் கிடந்த பட்டையை எடுத்துப் பார்த்தார். பற்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். "தார்க்குச்சி" என்றார். வண்டிமாட்டைக் குத்தி ஓட்டும், நுனியில் ஆணி வைத்த கோல் அது. எங்கள் தலைமுறையில் அந்தச் சொல்லே போய்விட்டது. லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இன்னும் பெயரில் எருமையைச் சுமக்கின்றன. மாட்டுத் தொழிலால் வளர்ந்த வட்டாரம் அது. எத்தனை தார்க்குச்சிகள் அந்தத் தெருக்களில் புழங்கியிருக்கும்! 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்தான் அப்பா. கப்பல் பட்டறைக்கு வேலைக்கு வருமுன் அவரும் அந்தக் கோலைப் பிடித்திருக்கிறார்.

"குத்துனா நடக்கும்பா. நல்லாவே நடக்கும். ஆனா சாயங்காலம் அவுத்துவிட்டுத் தண்ணி காட்டப் போனா, என்னப் பாத்து ஒதுங்கும். அது எனக்குப் பொறுக்காது" என்றார். பிறகு, "எம் மாட்டுக்குப் பின்தொடையில காய்ப்பு இருந்துச்சு" என்றார். அதற்குமேல் பேசவில்லை. பட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றோடு பட்டையைக் கைவிட்டோம். அதன் இடத்தில் வந்தது ஹார்னஸ். நெஞ்சின் முன்பக்கம் வளையம் உள்ளது, இழுத்தால் கழுத்தை இறுக்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பும். கருவி அவ்வளவுதான். மற்றதெல்லாம் நேரம். வார் இறுகினால் மரம்போல் நின்றுவிடவேண்டும். தளர்ந்தால் நடக்கவேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தால் அவித்த கோழியில் ஒரு துணுக்கு. முதல் நாள் எங்கள் புளோக்கிலிருந்து அடுத்த புளோக் வரை போக இருபத்தைந்து நிமிடமானது. மழை தூறியது. கடந்துபோனவர்கள் பார்த்தார்கள். மூன்று மாதம் ஆனது, வார் பெரும்பாலும் தொய்ந்து கிடக்க. முள்பட்டை ஒரு நாளில் தந்தது அது. எதற்கு எவ்வளவு விலை என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடிந்தது.

சந்தைக்குப் போகும் பாதையில் மோப்பம் பிடிக்க விட்டேன். நமக்கு வாசனை உணரும் செல்கள் சில மில்லியன், நாய்க்கு நூறு மில்லியன்களுக்கு மேல். நாசி லெமாக் கடையின் தேங்காய்ப்பால் மணத்தில் நான் நிற்கும் நேரத்தில், யார் வந்தார்கள், எந்த நாய் போனது, அது பயந்திருந்ததா என்பதையெல்லாம் செவலை ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் படித்துக்கொண்டிருக்கும். அது போய்ச் சேர வேண்டியிருந்த நெடுந்தொலைவு அந்தக் கம்பம்தான்.

மேல்மாடிச் சிறுமிக்கும் அதற்கும் சமாதானம் வர ஆறு மாதம் பிடித்தது. தூரத்தில் அவள் நிற்பாள், நான் கோழித்துண்டு கொடுப்பேன், அவள் போய்விடுவாள். மீண்டும் மீண்டும். அந்தச் சின்னப் பெண்ணுக்கு இருந்த பொறுமை எனக்கு முன்பே இருந்திருக்கலாம்.

இப்போது இரண்டாண்டு ஆகிறது. காலை நடை அப்பாவுடையது, மாலை நடை என்னுடையது. எதிர்வீட்டுக்காரர் இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வருவார். இரும்புக் கிராதிக் கதவின் சங்கிலியை அவிழ்க்கும்போது கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும். செவலை தூக்கத்திலிருந்து விழித்து, தலையைத் தாழ்த்தி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்காருவேன்.