கண்ணிமைக்கு நூறு வெள்ளியா?

சென்ற மாதம் நம் அங்கத்தினர்களுள் மூத்தவரான ஒரு வியாபாரி அஸர் தொழுகைக்குப் பின் நமது கடைக்கு வந்தார். கையிலே ஒரு சிறு கறுப்புப் பெட்டியும், விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியும் இருந்தன. நாற்காலியைக் காட்டினோம், அவர் உட்காரவில்லை. "தம்பி, நீங்களும் வியாபாரி. இரண்டையும் பார்த்து விலை சொல்லுங்கள்" என்றார்.

பெட்டிக்குள்ளே கண்ணிமையில் பூசும் வர்ணப் பொடி நான்கு நிறங்களில் இருந்தது. இதை ஐஷேடோ என்கிறார்கள். குப்பியில் இருந்தது உதட்டுக்கு மினுமினுப்பு ஏற்றும் லிப் கிளாஸ். நாம் யோசித்து, "இரண்டும் சேர்த்து நாற்பது வெள்ளி இருக்குமா, நானா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலே மகிழ்ச்சி இல்லை. பெட்டி 115 வெள்ளி, குப்பி 52 வெள்ளி. அவருடைய மகள் முதல் சம்பளத்தில் வாங்கியிருக்கிறாள். "பத்திரிகையிலே எழுதுங்கள். இது வீண் செலவா இல்லையா என்று நாலு பேர் படிக்கட்டும்" என்றார். அந்த நாலு பேரில் முதல் ஆள் தம் மகளாக இருக்கவேண்டும் என்பதுதான் அவர் எண்ணம் என்று நமக்கு விளங்காமலில்லை.

எழுதுவதாக ஒப்புக்கொண்டோம். ஆனால் எழுத உட்கார்ந்த பின்தான், கேள்வி அவர் நினைத்த அளவுக்கு எளிதல்ல என்பது தெரிந்தது.

வியாபாரிக்கு முதலில் தோன்றுவது தராசு. பெட்டியின் பின்புறம் மொத்த எடை 2 கிராம் என்று அச்சிட்டிருந்தது. அப்படியானால் கிராம் 57 வெள்ளி 50 காசு. கழுத்திலும் காலிலும் போடும் வெள்ளிக்குக்கூட நாம் கிராமுக்கு இத்தனை வெள்ளி கொடுப்பதில்லை. அதைவிடப் பல மடங்கு அதிகம். வெள்ளியை உருக்கி விற்றாலும் காசாகும். பூசிய பொடி இரவிலே முகம் கழுவும்போது தண்ணீரோடு போய்விடும்.

பொடியிலே என்ன இருக்கிறது என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. டால்க் என்னும் மாக்கல் பொடி, இரும்புத் துருவின் இனத்தைச் சேர்ந்த நிறங்கள், வெண்மைக்கு டைட்டானியம் டையாக்சைடு, மினுக்குக்கு மைக்கா. இந்த மைக்காதான் ஊரிலே நாம் காக்காய்ப்பொன் என்று பொறுக்கி விளையாடியது. லிப் கிளாஸிலே கனமான எண்ணெய்கள், மெழுகு, மணம், கொஞ்சம் சாயம். பத்து வெள்ளிக் குப்பியின் மூலப் பொருள்களும் ஏறக்குறைய இவையே. பெரிய பெயர்களுக்கும் சிறிய பெயர்களுக்கும் இடையே சுவர் இருப்பதாக வாங்குவோர் நினைக்கிறார்கள். ஆனால் பிரான்ஸ் நாட்டின் லோரியல் கம்பெனி 1964ல் லான்கோமை வாங்கியது. 1996ல் மேபெலினையும் வாங்கியது. முன்னது பெரிய கடைகளின் கண்ணாடி மேசையிலே அமர்ந்திருப்பது, பின்னது மருந்துக் கடையிலே கொக்கியில் தொங்குவது. முதலாளி ஒருவரே. இத்தாலியிலே 1972ல் தொடங்கிய இன்டர்காஸ் என்னும் தொழிற்சாலை, பிறர் பெயர்களுக்காக வர்ணப் பூச்சுகளைச் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தது. அந்தப் பெயர்களில் உயர்ந்தவையும் உண்டு, மலிந்தவையும் உண்டு.

இதை வைத்துக்கொண்டு "மோசடி" என்று முடித்துவிடலாம். நம் நண்பர் எதிர்பார்த்ததும் அதுதான். ஆனால் நம்மவர் யாரும் அந்த வாதத்தைத் துணிந்து பேச முடியாது. நாசி கண்டார் தட்டிலே இருக்கும் அரிசிக்கு என்ன விலை? கடை வாடகை, ஆள் சம்பளம், அதிகாலை அடுப்பு, இத்தனை ஆண்டு எடுத்த நல்ல பெயர் எல்லாம் சேர்ந்ததல்லவா தட்டின் விலை? சரக்கின் அடக்கத்தை மட்டும் வைத்து விலை சொல்லவேண்டுமென்று சட்டம் வந்தால், மறுநாள் காலை நமது கடைக் கதவுகளே திறக்க மாட்டா. வாங்குபவர் விலை தெரிந்து, பொருளைப் பார்த்து, மனம் ஒப்பி வாங்கினால் அது வியாபாரம்தான். உயர்ந்த பெட்டியில் பொடி நன்றாக அரைபட்டிருக்கும், நிறம் கண்ணின் கீழே உதிராமல் ஒட்டும் என்று பூசிப் பழகியவர்கள் சொல்கிறார்கள். சில பெட்டிகளில் அது உண்மையும்கூட. லிப் கிளாஸுக்கு நாம் அந்தச் சலுகையைத் தரமாட்டோம். ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு போய்விடும் மினுமினுப்புக்கு, பத்து வெள்ளிக்கும் ஐம்பது வெள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கோப்பைக்குத்தான் முடியும்.

அப்படியானால் மீதிக் காசு எதற்கு? பெயருக்கு. பாரிஸில் 1837ல் குதிரைச் சேணம் தைக்கும் பட்டறையாகத் தொடங்கிய ஹெர்மேஸ், 2020ல் உதட்டுச்சாயம் விற்க வந்தது. அப்போது விலை 67 அமெரிக்க டாலராக இருந்தது. அந்தக் கம்பெனியின் கைப்பையை வாங்க ஆயிரக்கணக்கில் வேண்டும். அவ்வளவு இல்லாதவர்களுக்கு அந்த மாளிகையிலே ஒரு சிறு ஜன்னல் திறந்துவிட்டார்கள். இதிலுள்ள வியாபார சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. எஸ்டீ லாடர் கம்பெனியின் தலைவராயிருந்த லெனார்ட் லாடர், 2001ல் வர்த்தகம் தளர்ந்தபோது உதட்டுச்சாயம் மட்டும் கூடுதலாக விற்றதென்று சொன்னார். பெரிய ஆசைகளைத் தள்ளிப்போட்டவர்கள் சிறிய ஆசையிலே ஆறுதல் தேடினார்கள் என்பது அதன் பொருள். 2008, 2009 ஆண்டுகளின் நெருக்கடியிலே அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது என்பது வேறு விஷயம். ஆயினும் ஆறுதல் என்ற சொல் நம் மனத்தில் நின்றது. முதல் சம்பளம் வாங்கிய பெண்ணுக்கு அந்தப் பெட்டி, "இனி என் கையிலும் காசு உண்டு" என்பதன் சாட்சி. நம் நண்பர் முதன் முதலாகச் சம்பாதித்த காலத்தில் என்ன வாங்கினார் என்று கேட்டோம். கைக்கடிகாரம் என்றார். மணி பார்க்கவா என்றோம். பதிலில்லை.

வீண் செலவு எது என்பதற்கு வியாபாரியிடம் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: தேங்கிய சரக்கு. அலமாரியிலே தூங்கும் சரக்கு எவ்வளவு மலிவாக வாங்கியதாயினும் நஷ்டமே. அந்த 115 வெள்ளிப் பெட்டியை நூறு முறை பூசித் தீர்த்தால் ஒரு முறைக்கு 1 வெள்ளி 15 காசு. நான்கு கல்யாணத்துக்குப் பூசிவிட்டு மூடி வைத்தால் ஒரு முறைக்கு 28 வெள்ளி 75 காசு. இந்தச் சரக்குக்கு ஆயுளும் குறைவு. பெட்டியின் பின்னே மூடி திறந்த டப்பாவைப்போல் ஒரு சிறு படமும், 12 அல்லது 24 என்ற எண்ணும் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதம் மட்டுமே என்பது பொருள். நான்கு நிறத்தில் இரண்டைத்தான் பூசுவாள் என்றால், மற்ற இரண்டும் வாங்கிய அன்றே தேங்கிய சரக்கு. பன்னிரண்டு நிறம், பதினெட்டு நிறம் என்று விற்கும் பெட்டிகள் எத்தனை வீட்டிலே பாதிக்குப் பாதி தொடப்படாமல் கிடக்கின்றன என்பதை வாசகர்கள் தத்தம் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மலிவுப் பெட்டிகளிலேதான் இந்தக் குறை அதிகம் என்பதையும் காண்பார்கள்.

விலையை விட நமக்குக் கனமாகத் தோன்றுகிற கேள்விகள் வேறு உண்டு. காக்காய்ப்பொன் எங்கிருந்து வருகிறது? இந்தியாவின் ஜார்கண்ட், பீகார் பகுதிகளில் அனுமதியற்ற குழிகளிலே குழந்தைகள் இறங்கி அதைப் பொறுக்குவதையும், குழி சரிந்து சிலர் இறந்ததை மறைத்ததையும் 2016ல் ஒரு செய்தி ஸ்தாபனம் வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டே கம்பெனிகள் சில கூடி, இதைச் சீர்ப்படுத்தவென்று பாரிஸில் ஓர் அமைப்பை ஏற்படுத்தின. மைக்காவைத் தோண்டாமல் உலையிலே செய்தெடுப்பதும் பெருகி வருகிறது. ஆனால் 115 வெள்ளி கொடுத்ததனாலேயே அந்தப் பொடியில் குழந்தையின் கை படவில்லை என்று ஆகிவிடாது. மூன்று கை மாறி வந்த சரக்கின் பிறப்பிடம் தெரியாமல் போவதை நம்மை விட யார் அறிவார்?

உதட்டுச் சாயத்தின் சிவப்பும் அப்படியே. பூசியதில் ஒரு பங்கு வயிற்றுக்குள் போகிறது. கார்மைன் என்ற சிவப்பு, கள்ளிச் செடியில் வாழும் பூச்சியை உலர்த்தி எடுப்பது; பெட்டியில் 75470 என்ற எண்ணாலும் குறிப்பார்கள். இந்தோனேசிய உலமா மன்றம் 2011ல் அதை ஆகுமானது என்று தீர்ப்பளித்தது. ஏற்காத அறிஞர்களும் உளர். வாங்குபவர் தாம் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். நாம் சொல்வது, விற்பவர் அந்த எண்ணை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே. 2008 முதல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒழுங்குமுறையின்படி சேர்மானங்கள் எல்லாம் உறையில் அச்சிடப்பட வேண்டும். வாசிக்க மூக்குக்கண்ணாடி வேண்டியிருக்கும், அவ்வளவே.

பெரிய பெயரைத் திருடி அச்சடித்த பெட்டிகள் இருபது வெள்ளிக்கு வருகின்றன. அவற்றை விற்கும் கடைகள் நம்மவரிடத்திலும் இருப்பதை மறைத்துப் பயனில்லை. "வாங்குபவருக்கே தெரியும், பிறகென்ன" என்கிறார்கள். பெட்டி போலி என்று தெரியும். பொடியில் என்ன கலந்தது என்று தெரியுமா? கண்ணில் பூசுவதல்லவா?

இதை எழுதும் உரிமை நமக்குண்டா என்று நாமே தயங்கினோம். நமது கடையிலே பல ஆண்டுகள் சுர்மா விற்றோம். சிறு பித்தளைக் குப்பி, அற்ப விலை. பிள்ளை பெற்ற தாய்மார் வந்து வாங்குவார்கள். கைக்குழந்தையின் கண்ணுக்கு இடுவார்கள். அதை ஆடம்பரமென்று யாரும் சொன்னதில்லை. சுர்மா என்ற பெயரில் வரும் பொடிகளில் பல, ஈயக் கந்தகக் கல்லை அரைத்தவை என்பதும், ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும் என்பதும், அமெரிக்க அரசாங்கம் அதைக் கண்ணுக்கிடும் பொருளாக அனுமதிப்பதே இல்லை என்பதும் நமக்குப் பிற்காலத்தில்தான் தெரிய வந்தன. தெரிந்த அன்று எஞ்சிய குப்பிகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டோம். விற்றவற்றை எடுக்க வழியில்லை. கொடுத்த பணத்துக்குக் குறைந்த பொருள் வாங்கியவள் ஏமாந்தது நூறு வெள்ளி. நம்மிடம் இரண்டு வெள்ளி கொடுத்தவள் என்ன ஏமாந்தாளோ, நமக்குக் கணக்கில்லை. மலிவைப் பார்த்தால் சிக்கனம் என்றும், விலையைப் பார்த்தால் குற்றம் என்றும் தீர்ப்புக் கூறும் பழக்கம் அன்றோடு நம்மை விட்டது.

நண்பர் இரண்டாம் முறை வந்தபோது இவற்றைச் சொன்னோம். பெட்டியை மகள் நாள்தோறும் பூசித் தீர்ப்பாளானால் அவள் காசு வீணல்ல; லிப் கிளாஸுக்கு அவள் கொடுத்தது அதிகம்; இரண்டுக்கும் முன்னே, சம்பளத்தில் வீட்டுக்கு என்ன கொடுத்தாள் என்று கேட்டீர்களா என்றோம். பாதியைத் தாயிடம் கொடுத்துவிட்டாளாம். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

புறப்படும்போது அவர் சட்டையிலிருந்து ஊது அத்தரின் வாசம் வந்தது. சுத்தமான ஊது, தோலா கணக்கில் வாங்குவது. ஒரு தோலா என்பது 11.66 கிராம். என்ன விலை நானா, என்று கேட்டோம், சொன்னார். சொன்ன பிறகுதான் நம் கையில் பேனா இருப்பதைக் கவனித்தார். "வாப்பா என்ன விலைக்குப் பூசுகிறேன் என்று பிள்ளைக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எழுதுங்கள், தம்பி, அதை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். விட்டுவிட்டோம்.