நகமும் உளூவும்

பெருநாளோ திருமணமோ நெருங்கினால் நம் பெண்மக்கள் கைகளைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் விரல்களை ஊறவைத்து, நகத்தை வெட்டி, ஓரங்களைத் தேய்த்து, எண்ணெய் தடவி, கடைசியில் வர்ணமும் பூசுகிறார்கள். மார்க்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாமா?

நகம் களைவதை, மனிதப் படைப்பின் இயல்பாகிய ஃபித்ராவைச் சேர்ந்த ஐந்து காரியங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். நாற்பது நாட்களுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்று எல்லை வகுக்கப்பட்டதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாற்பது கடைசி எல்லைதான். வளர்ந்தால் வெட்டிவிடுவதே முறை. வெள்ளிக்கிழமை வெட்டினால் சீதேவி போய்விடுவாள், இரவில் வெட்டினால் தரித்திரம் பிடிக்கும் என்று மூதாட்டிகள் தடுப்பது எங்கிருந்தோ நம் வீட்டுக்குள் புகுந்த பேச்சு. ஜும்ஆவுக்காகச் சுத்தமாகும்போது நகம் வெட்டுவதை நம் இமாம்கள் விரும்பியிருக்க, நாமோ அதே நாளை அஞ்சுகிறோம்!

வலக்கைச் சுட்டுவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை சென்று, பிறகு கட்டைவிரல். இடக்கையில் சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஒரு வரிசை சொல்கிறார்கள். இந்த வரிசைக்கு உறுதியான ஹதீஸ் இல்லை என்று இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் கூறியிருப்பதால், வரிசை மாறியதற்காக யாரும் கலங்க வேண்டாம். ஆனால் நகத்தின் அடிப்புறத் தோலை அழகுக்காக நறுக்குவதை விட்டுவிடுங்கள். கிருமி உள்ளே புகாமல் காக்கும் வேலி அது. அதை வெட்டிவிட்டு, நகச்சுற்று வந்ததும் எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிக்கொண்டு அலைவானேன்?

இனி வர்ணத்துக்கு வருவோம். நகப்பூச்சின் திரவம் ஆவியாகிப் போனதும் நகத்தின் மேல் ஒரு மெல்லிய படலம் தங்கிவிடுகிறது. தண்ணீர் அதன் மேல் ஓடுகிறதே தவிர நகத்தைத் தொடுவதில்லை. கைகளை முழங்கை வரை கழுவும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நகமும் கையில் சேர்ந்ததுதானே! ஒருவர் உளூச் செய்தபோது காலில் நகமளவு இடம் நனையாமல் விட்டுப்போக, திரும்பிச் சென்று செம்மையாக உளூச் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை உமர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் காண்கிறோம். அங்கே ஒரு நகமளவு. பூச்சணிந்த கைகளிலோ பத்து நகங்கள்!

மருதோன்றிக்கு இந்தத் தடை இல்லை. விழுது உதிர்ந்து கழுவியபின் எஞ்சுவது நிறம் மட்டுமே. தண்ணீரைத் தடுக்கும் பொருள் எதுவும் அங்கில்லை.

“உளூவோடுதானே பூசினேன், தோலுறைமேல் மஸஹு செய்வதுபோல் இதற்கும் ஆகாதா?” என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. ஆகாது. மஸஹின் சலுகை காலுறைக்கு வந்தது, நகத்துக்கு வரவில்லை. பூசியபின் அந்த உளூ நீடிக்கும்வரை தொழலாம், முறிந்தால் பூச்சை அகற்றிவிட்டே கழுவ வேண்டும். தண்ணீர் ஊடுருவும் பூச்சு என்று இப்போது விற்கிறார்கள். ஈரம் கசிவது வேறு, நகத்தைக் கழுவுவது வேறு. விளம்பரத்தை நம்பித் தொழுகையைப் பணயம் வைக்கலாகாது என்பதே நம் கருத்து.

தொழுகையில்லாத மாதாந்திர நாட்களில் கணவருக்காகப் பூசிக்கொள்ள விரும்புபவர் பூசலாம்; கடமையான குளிப்புக்கு முன் அகற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மையித்தைக் குளிப்பாட்டும் பெண்கள் அசிட்டோன் புட்டி ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. பூச்சுடன் மவுத்தான சகோதரியின் விரல்களை, உறவினர் அவசரப்படுத்தினாலும், பொறுமையாகத் துடைத்துவிட்டே குளிப்பாட்டுங்கள். அவர் தம் கையால் அதைச் செய்துகொள்ளும் நேரம் கடந்துவிட்டது.