மேகமும் கைப்பேசியும்



மேற்கே மேகம் எழும்பினால் மழை வருமென்று சொல்லத் தெரிந்த ஜனங்கள், தங்கள் காலத்தின் குறியை மட்டும் ஏன் அறியவில்லை என்று சேசுநாதர் சுவாமி கடிந்துகொண்டதை அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 12-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாமோ இன்று மேகத்தையும் கைப்பேசியில்தான் பார்க்கிறோம்.

அதனால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். 2018 ஆகஸ்டில் சுவீடன் தேசத்தில் கிரேட்டா துன்பர்க் என்ற 15 வயதுச் சிறுமி, பூமி சூடேறுவதைக் குறித்துப் பாராளுமன்றத்தின் முன் தனியாக உட்கார்ந்தாள். அந்தப் படம் கைப்பேசி வழியே உலகெங்கும் போயிற்று. மறு ஆண்டு செப்டம்பரில் பல நாடுகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பானவர் 2015-லேயே இதே விஷயமாக ஒரு நிருபம் எழுதியிருந்தார். நம்மில் எத்தனை பேர் அதை வாசித்தோம்?

அதே 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்தபோது நடந்ததையும் நினையுங்கள். கைப்பேசியில் வந்த விலாசங்களைக் கொண்டு படகு போயிற்று, சோற்றுப் பொட்டலம் போயிற்று. அதே வழியாக, இன்னும் பெருமழை கொட்டுமென்று அமெரிக்காவின் நாசா எச்சரித்ததாக ஒரு பொய்யும், பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக இன்னொரு பொய்யும் போயின. இரண்டும் மறுக்கப்பட்டன. மறுப்பு எப்போதும் நொண்டிக்கொண்டுதானே வருகிறது!

இப்போது வேறு விதப் பொய். மார்கழியில் ஒரு காலை குளிர் மிஞ்சினால், பூமி எங்கே சூடாகிறது என்று கேலிச் சேதி வருகிறது. ஒருநாள் குளிர் வானிலை. முப்பது ஆண்டுக் கணக்கே பருவநிலை. கணக்கெடுத்த ஆண்டுகளில் எல்லாம் அதுவரை அதிக வெப்பமானது 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்ததை ஒரு விடியற்காலைப் பனி அழித்துவிடாது. கைப்பேசிக்கோ மெய் பொய் என்ற பேதமில்லை. நாம் எதன் முன் அதிக நேரம் நிற்கிறோமோ, அதே வகைச் சரக்கை மறுபடியும் கொண்டுவந்து வைக்கும். ஆகையால் கேலி செய்தவனுக்குக் கேலியும், பயந்தவனுக்குப் பயமுமே பெருகுகின்றன.

பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கற்பனை விரலுக்கும் உண்டு. பிறன் பெயரைக் கெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தபின்னும் அந்தக் கேட்டைச் சரிசெய்யக் கடமைப்பட்டவன் என்று ஞானோபதேசத்தில் படித்தோமல்லவா? ஆத்தும சோதனை செய்கையில், விசாரியாமல் அனுப்பிய சேதி ஏதேனும் உண்டாவென்று பாருங்கள். இருந்தால், யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கே, நான் அனுப்பியது தவறு என்று எழுதிவிடுங்கள். குடும்பக் குழுவில் மருமகனும் சம்பந்தியும் பார்க்க அப்படி எழுதுவது வெட்கந்தான்.