மிச்சக் கூழ்

பெரியப்பாவின் சிறுநீர்ப் பரிசோதனைத் தாளில் பதினான்கு மருந்துகளின் பெயர்கள். பதினொன்றுக்கு எதிரே ‘ஆர்’ என்ற எழுத்து. அந்த மருந்து கேட்காது என்று அர்த்தம். ஆஸ்பத்திரி வராண்டாவில் அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ மருந்து இருக்குல்ல, அப்புறம் என்னப்பா?” என்றார். மிஞ்சிய மூன்றில் ஒன்று கோலிஸ்டின்.

அந்தத் தாளைப் புரிந்துகொள்ளப் படிக்கப் போய்த்தான் எல்லாப்பிரகட சுப்பாராவிடம் வந்து நின்றேன். 1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டுக்கொண்டு வந்ததற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். 1925-ல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து பாஸ்பரஸை நிறத்தால் அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். கரைசல் எவ்வளவு நீலமாகிறதோ அவ்வளவு பாஸ்பரஸ். பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும் நொதி எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று பார்க்க அந்த நீலம் போதும். ஏ.டி.பி.க்குப் போன பாதையும் அதுதான். இத்தனைக்கும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே நிறுவனத்துக்குப் போனார்.

அவர் தலைமையில் நடந்த அந்த ஆய்வுக்கூடத்தில்தான், எழுபதைத் தாண்டிய பெஞ்சமின் டக்கர், மிசௌரியின் வயல்மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஆரியோமைசினை எடுத்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1948-ல் அறிவித்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாகப் படுத்திருப்பேன். ஆரியோமைசினை வடித்தெடுத்த பிறகு தொட்டியில் கூழ் மிஞ்சும். அதே நிறுவனத்தின் தாமஸ் ஜூக்ஸும் ஸ்டாக்ஸ்டாடும் பி12 வைட்டமினைத் தேடி அந்தக் கூழைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. வைட்டமினால் மட்டும் அல்ல, கூழில் ஒட்டியிருந்த கொஞ்சூண்டு மருந்தால். 1950-ல் அதையும் அறிவித்தார்கள். நோயே இல்லாத கோழிக்குத் தினமும் துளி மருந்து.

கத்தியைச் செய்தவன் கொலைக்குப் பொறுப்பா என்று வழக்கமாகக் கேட்போம். இங்கே அந்தக் கேள்வி பொருந்தாது. ஒரு கத்தியால் ஒருவன் குத்தினால் ஊரில் இருக்கும் மற்ற கத்திகள் மொக்கையாகிவிடாது. இந்த மருந்து அப்படியில்லை. எங்கே யார் பயன்படுத்தினாலும் எல்லோருக்குமான கூர்மையில் கொஞ்சம் தேய்கிறது. மேட்டில் ஒருத்தன் போர் போட்டால் பள்ளத்துக் கிணறு வற்றும் என்பது பெரம்பலூர்க்காரனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தெரியாமல் செய்தார்கள் என்று விடலாமா? சுப்பாராவை விடலாம், செத்தவருக்கு எப்படித் தெரியும்? மற்றவர்களை விட எனக்கு மனசு வரவில்லை. 1945-லேயே, நோபல் உரையில், குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று ஃப்ளெமிங் எச்சரித்திருந்தார். கோழிக்குப் போட்டதும் அந்தக் குறைந்த அளவைத்தான். யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. நான் எழுதும் கோடுக்குக் கீழேயும் ‘பின்விளைவுகளுக்குப் பொறுப்பல்ல’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை நான் ஒருமுறைகூட நின்று படித்ததில்லை.

கோலிஸ்டினும் மண் நுண்ணுயிரி தந்ததுதான். மற்றதெல்லாம் கைவிட்டபிறகு மனிதர்களுக்குக் கொடுப்பது. அதைக் கோழித் தீவனத்தில் கலக்க இந்தியாவில் 2019 வரை தடை இல்லை.

வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம். அறுத்துக் காயவைத்தால் லாரி நாமக்கல் தீவன ஆலைக்குப் போகும். நான் இஞ்சினியரிங் படித்தது அந்தக் காசில். பெரியப்பா வீடு திரும்பிய வாரம் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

“நான் சோளம்தானப்பா போட்டேன். அதுல அவன் எதைக் கலக்குறான்னு நான் எங்க போயி பாக்குறது?”

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: “வேற என்ன போடலாங்குற?”

மானாவாரி நிலம். பருத்தி என்றேன். மருந்து அடித்தே மாளாது என்றார்.